ஒரே கோப்பா, தனிக் கோப்பா: பம்பு ரகங்களும் டிசைன் டேபிளும்

கோயம்புத்தூர்ப் பகுதியில் தயாராகும் ஆழ்துளைக் கிணற்று நீர்மூழ்கி பம்புகளின் விலைப்பட்டியல் ஒன்றைப் புரட்டினால், ஆறு அங்குலக் கிணற்றுக்கான ஒரே தொடரில் குறைந்த குதிரைத்திறனில் தொடங்கி உயர்ந்த குதிரைத்திறன் வரை மாடல்கள் வரிசையாக நிற்பதைக் காணலாம். அவற்றுள் பலவற்றுக்கு, சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் ஒன்றே, அதைச் சூழ்ந்திருக்கும் பவுல் ஒன்றே, தண்ணீர் உள்ளே வரும் சக்ஷன் பகுதியும் ஒன்றே. ஓர் இம்பெல்லரும் ஒரு பவுலும் சேர்ந்த அடுக்கே ஒரு ஸ்டேஜ்; ஸ்டேஜ்களின் எண்ணிக்கை கூடக் கூட பம்பு நீள்கிறது. தண்ணீரை ஏற்றும் உயரமும் ஏறக்குறைய அதே விகிதத்தில் கூடுகிறது. இத்தனை ரகங்களையும் முப்பரிமாண மென்பொருளில் எப்படி வைத்திருப்பது என்பது டிசைன் பிரிவில் உட்கார்ந்திருக்கும் எவருக்கும் நாள்தோறும் எழும் கேள்வி. நான் பெரும்பாலும் சாலிட்வொர்க்ஸில் வேலை செய்பவன் என்பதால் எடுத்துக்காட்டுகளை அதிலிருந்தே தருகிறேன். மற்ற மென்பொருள்களில் பெயர்கள் மாறினாலும் சிக்கல் இதேதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு ரகங்கள் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கின்றன என்பதற்காக அவற்றை ஒரே கோப்பில் இரண்டு கான்ஃபிகரேஷன்களாக, அதாவது ஒரே மாடலின் இரண்டு வடிவங்களாக, வைப்பது போதுமான காரணம் ஆகாது. நாளை ஒன்றில் திருத்தம் வந்தால் மற்றதிலும் அதே திருத்தம், அதே நாளில் வந்தாக வேண்டுமா என்று கேட்க வேண்டும். வந்தாக வேண்டும் என்றால் ஒரே கோப்பு சரி. அவை தனித்தனியே திருத்தப்படும் வாய்ப்பு இருக்குமானால், எவ்வளவு ஒத்திருந்தாலும் தனிக் கோப்புதான் சரி. கான்ஃபிகரேஷன்களை அட்டவணையாக எழுதி நிர்வகிக்கும் டிசைன் டேபிள்களால் விளையும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதிலிருந்து வருகின்றன என்பது என் அனுபவம்.

முதலில் டிசைன் டேபிள் உண்மையிலேயே பொருந்தும் இடத்தைப் பார்ப்போம். பம்பின் ஷாஃப்டை எடுத்துக்கொள்வோம். ஒரு ஸ்டேஜின் உயரம் 96 மி.மீ. என்றும், கப்ளிங் பக்கமும் மேல் பேரிங் பக்கமும் சேர்த்து வேண்டிய கூடுதல் நீளம் 210 மி.மீ. என்றும் வைத்துக்கொண்டால், எட்டு ஸ்டேஜ் பம்பின் ஷாஃப்ட் 978 மி.மீ. நீளமும் பத்து ஸ்டேஜ் பம்பின் ஷாஃப்ட் 1170 மி.மீ. நீளமும் இருக்கும். விட்டம், இம்பெல்லரை ஷாஃப்டோடு பூட்டும் ஆப்புக்கான பள்ளமாகிய கீவேயின் அகலமும் ஆழமும், கப்ளிங் பக்கத்து ஸ்ப்ளைன் பற்கள், எஃகின் தரம், மேற்பரப்பின் மென்மை ஆகிய எல்லாம் எல்லா நீளங்களுக்கும் ஒன்றே. கீவேயின் ஆழத்தில் ஒரு மாற்றம் வந்தால் அது எல்லா ஷாஃப்டுகளுக்கும் வந்தே தீரும், ஏனென்றால் அவற்றில் ஏறும் இம்பெல்லர் ஒன்றே. பம்பின் உடலை இறுக்கிப் பிடிக்கும் பட்டைகளுக்கும், மோட்டாருக்குச் செல்லும் கேபிளை மூடிக் காக்கும் கேபிள் கார்டுக்கும் இதே கணக்குப் பொருந்தும். இவை சேர்ந்தே பிறந்து சேர்ந்தே மாறும் பாகங்கள். இவற்றுக்கு டிசைன் டேபிளைவிடச் சிறந்த கருவி எதுவும் இல்லை.

டிசைன் டேபிள் என்பது மாடலுக்குள் உட்கார்ந்திருக்கும் ஓர் எக்செல் தாள். இடப்பக்க முதல் நெடுவரிசையில் கான்ஃபிகரேஷன்களின் பெயர்கள் இருக்கும். தலைப்பு வரிசையில் எந்த அளவை மாற்ற வேண்டுமோ அதன் முழுப்பெயர் இருக்கும். மென்பொருள் தானாக வைக்கும் பெயர் டி1@ஸ்கெட்ச்3 என்பது போல இருக்கும். இப்படிப்பட்ட ஏழெட்டுத் தலைப்புகள் ஒரே தாளில் வரிசையாக நின்றால், டேபிளை உருவாக்கியவருக்கே அடுத்த ஆண்டு எது நீளம், எது கீவேயின் தொடக்கம் என்று தெரியாது. ஆகவே டேபிளில் ஏறப்போகும் ஒவ்வோர் அளவுக்கும், அது எந்த ஃபீச்சரை (துளை, வெட்டு போன்ற மாடலின் கூறு) சேர்ந்ததோ அந்த ஃபீச்சருக்கும், பொருள் விளங்கும் பெயரை முன்கூட்டியே வைத்துவிட வேண்டும். நீளத்தை ஒவ்வொரு வரிசையிலும் கையால் அடிப்பதைவிட, ஸ்டேஜ் எண்ணிக்கைக்கு ஒரு நெடுவரிசை வைத்து, 210 உடன் 96-இன் மடங்கைக் கூட்டும் எக்செல் சூத்திரத்தை நீள நெடுவரிசையில் எழுதிவிடுவது நல்லது. அந்த 96-ஐத் தனி அறையில் வைத்துச் சூத்திரம் அதைச் சுட்டும்படி செய்தால், ஸ்டேஜ் உயரம் ஒருநாள் மாறும்போது அந்த ஓர் அறையைத் திருத்தினால் போதும்.

எக்செல் என்பதால் எக்செலின் பழக்கங்களும் கூடவே வரும். 5 குதிரைத்திறன், 8 ஸ்டேஜ் என்பதைச் சுருக்கி 5-8 என்று கான்ஃபிகரேஷனுக்குப் பெயர் அடித்தால், எக்செல் அதை ஒரு தேதியாக எடுத்துக்கொள்ளும். 0750 என்று அடித்தால் முன்னால் இருக்கும் பூஜ்யத்தை விழுங்கிவிட்டு 750 என்று காட்டும். பெயர் நெடுவரிசை முழுவதையும் அடிப்பதற்கு முன்பே டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. இது அற்பமான செய்தியாகத் தோன்றலாம். ஆனால் கான்ஃபிகரேஷனின் பெயர்தான், பாகங்களை ஒன்றுசேர்த்த அசெம்பிளிக் கோப்பும் டிராயிங்கும் அதைத் தேடிப் பிடிக்கும் ஒரே அடையாளம். டேபிளில் ஒரு வரிசையின் பெயரைத் திருத்திவிட்டால், பழைய பெயரைக் கேட்டு வரும் அசெம்பிளிக்கு அது கிடைக்காது. அந்தக் கான்ஃபிகரேஷன் காணப்படவில்லை, கடைசியாகச் செயலில் இருந்ததைப் பயன்படுத்துகிறேன் என்று மென்பொருள் ஒரு செய்தியைக் காட்டும். அவசரத்தில் அந்தச் செய்தியை மூடிவிட்டுப் போகிறவர்கள் பலர். எட்டு ஸ்டேஜ் பம்புக்குள் பத்து ஸ்டேஜ் ஷாஃப்ட் உட்கார்ந்திருப்பது திரையில் உடனே தெரிந்துவிடும், இரண்டு மி.மீ. வேறுபாடுள்ள ஒரு ஸ்லீவ் மாறி உட்கார்ந்திருந்தால் யாருக்கும் தெரியாது. அதனால் கான்ஃபிகரேஷனின் பெயரை ஒருமுறை வெளியிட்டபின் மாற்றக் கூடாது என்பதை டிசைன் பிரிவின் கட்டுப்பாடாகவே வைத்துவிட வேண்டும். விற்பனைப் பிரிவு மாடலின் பெயரை எத்தனை முறை மாற்றினாலும், அந்தப் பெயர் விளக்கப் பண்பில் மாறட்டும். கான்ஃபிகரேஷனின் பெயர் அப்படியே இருக்கட்டும்.

இதைவிட ஆபத்தான இடம் ஒன்று உண்டு. ஓர் அளவை இருமுறை சொடுக்கினால் திறக்கும் சிறு பெட்டியில், இந்த மாற்றம் இந்தக் கான்ஃபிகரேஷனுக்கு மட்டுமா, எல்லாவற்றுக்குமா, குறிப்பிட்ட சிலவற்றுக்கா என்று கேட்கும் ஒரு தேர்வு இருக்கிறது. அந்தத் தேர்வை ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சரி என்ற பொத்தானை அழுத்த வேண்டும். புதிதாகச் சேர்க்கும் ஃபீச்சர்களுக்கும் இதே கவனம் வேண்டும்: கான்ஃபிகரேஷனின் பண்புகளில், வேறொரு கான்ஃபிகரேஷனில் சேர்க்கப்படும் புதிய ஃபீச்சர்களை இங்கே அடக்கிவை என்ற ஒரு குறியீடு இருக்கிறது. அது போட்டிருக்கும் கான்ஃபிகரேஷனில் நாம் இன்று சேர்த்த துளை இருக்காது; போடாததில் இருக்கும். ஒரே கோப்பில் சில ரகங்களுக்கு அது போட்டும் சிலவற்றுக்குப் போடாமலும் இருந்தால், எந்த ரகத்தில் துளை இருக்கிறது என்பதை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத்தான் அறிய முடியும்.

இப்போது டிசைன் டேபிள் பொருந்தாத இடத்துக்கு வருகிறேன். இங்கேதான் கருத்து வேறுபாடு அதிகம். பம்பிலிருந்து தண்ணீர் வெளியேறும் வாய்ப்பகுதியான டெலிவரி கேசிங் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வார்ப்பு நிலையில் ஒரு வடிவம். கடைசல் முடிந்த நிலையில் இன்னொரு வடிவம். ஒரே கோப்பில் கடைசல் ஃபீச்சர்களை அடக்கி வைத்து வார்ப்பு என்று ஒரு கான்ஃபிகரேஷன், அடக்காமல் விட்டுக் கடைசல் முடிந்தது என்று ஒரு கான்ஃபிகரேஷன் என்று வைப்பது பலருக்கும் பிடித்த வழி. பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் பவுண்டரிக்குப் போகும் வார்ப்பு டிராயிங்கும், மெஷின் ஷாப்புக்குப் போகும் கடைசல் டிராயிங்கும் ஒரே வேகத்தில் திருத்தப்படுவதில்லை. வாயில் வெட்டும் மரையின் அளவு மாறினால் கடைசல் டிராயிங் மட்டும் திருத்தப்படும். வார்ப்பில் ஒரு மூலையின் வளைவைக் கூட்டினால் வார்ப்பு டிராயிங் மட்டும் திருத்தப்படும். சாலிட்வொர்க்ஸ் பி.டி.எம். போன்ற கோப்பு மேலாண்மை மென்பொருளில் பதிப்பு என்பது கோப்புக்கு உரியது. திருத்துவதற்காகக் கோப்பை எடுத்தால், அதாவது செக் அவுட் செய்தால், கோப்பு முழுவதும் பூட்டப்படுகிறது, ஒப்புதல் நிலையும் கோப்பு முழுவதற்கும் சேர்த்தே நகர்கிறது. மரைக்காகக் கோப்பைத் திறந்த நாளில், பவுண்டரியில் மாதக்கணக்கில் மாற்றமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் வார்ப்பும் சேர்ந்து திருத்தத்தில் இருப்பதாகக் காட்டும். அந்த வார்ப்பையே அடிப்படையாகக் கொண்டு 2.5 அங்குலம், 3 அங்குலம் என்று இரண்டு வாய் மரைகள் இருந்தால் குழப்பம் இன்னும் கூடும். வார்ப்பைத் தனிக் கோப்பாக வைத்து, அதைச் செருகித் தொடங்கும் இன்னொரு கோப்பில் கடைசல் ஃபீச்சர்களைச் சேர்ப்பதே நான் விடாமல் பின்பற்றும் முறை. வார்ப்பு மாறினால் கடைசல் மாடல் தானாகவே அந்த மாற்றத்தை ஏற்கும். கடைசலில் வரும் மாற்றம் வார்ப்பைத் தொடாது. தொழிற்சாலையில் பொருள் நகரும் திசையும் இதுதான்.

பொருளை மாற்றும் ரகங்களிலும் இதே கேள்வி எழுகிறது. கான்ஃபிகரேஷனுக்கு ஒரு பொருள் என்று வைக்க மென்பொருள் இடம் தருகிறது. வார்ப்பிரும்பு இம்பெல்லர், வெண்கல இம்பெல்லர் என்று இரண்டை ஒரே கோப்பில் வைத்துவிடலாம். ஆனால் வார்ப்பிரும்பு குளிரும்போது சுமார் 1 சதவீதம் சுருங்கும். வெண்கலத்தின் சுருக்கம் அதைவிட அதிகம். கடைசல் முடிந்த அளவு ஒன்றாக இருந்தாலும், வார்ப்பு அச்சை உருவாக்கும் மாதிரியான பேட்டர்ன் ஒன்றாக இருக்காது, சில சமயம் சுவரின் தடிமனும் ஒன்றாக இருக்காது. பேட்டர்ன் வேறு என்றால் அதன் வரலாறும் வேறு; கோப்பும் வேறாக இருப்பதே நல்லது. போல்ட், வாஷர், ஓ-ரிங் போன்ற வாங்கும் பொருள்களுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. தரநிர்ணயத்தில் உள்ள அட்டவணை அப்படியே டேபிளாக ஏறிவிடும்.

பி.ஓ.எம்., அதாவது பொருள் பட்டியலில் கான்ஃபிகரேஷன் எப்படித் தெரிகிறது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கான்ஃபிகரேஷனின் பண்புகளிலும், பட்டியலில் பார்ட் நம்பராகக் கோப்பின் பெயரைக் காட்டுவதா, கான்ஃபிகரேஷனின் பெயரைக் காட்டுவதா, நாமே தரும் பெயரைக் காட்டுவதா என்ற தேர்வு இருக்கிறது. ஷாஃப்டின் ஒவ்வொரு நீளமும் ஸ்டோரில் தனியாக எண்ணி வைக்கப்படும் பொருள். அதற்குத் தனி பார்ட் நம்பர் வேண்டும். மோட்டாரும் பம்பும் ஒரே உடலாக அமைந்த மோனோபிளாக் பம்பில், ஷாஃப்ட் ஓரமாகத் தண்ணீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீலின் ஸ்பிரிங் அப்படி அல்ல. பொருத்துவதற்கு முன் முழு நீளத்தில் ஒரு கான்ஃபிகரேஷன், அழுந்திய நிலையில் ஒரு கான்ஃபிகரேஷன் என்று இரண்டு வைத்திருப்போம். வாங்குவது என்னவோ ஒரே ஸ்பிரிங். அங்கே கோப்பின் பெயரைக் காட்டும் தேர்வை வைக்காவிட்டால், பட்டியலில் இரண்டு ஸ்பிரிங்குகள் வெவ்வேறு எண்களில் தோன்றும், பர்ச்சேஸ் பிரிவு இரண்டுக்கும் விலை கேட்கும். ஒரே கருவியைக் கொண்டு ரகத்தையும் காட்டுகிறோம், ஒரே பொருளின் இரண்டு நிலைகளையும் காட்டுகிறோம். இந்த இரண்டையும் வேறுபடுத்திச் சொல்லும் பொறுப்பு இந்த ஒரு சிறு தேர்வின் மேல் விழுகிறது. நிலைகளை மட்டும் காட்டுபவற்றைத் தாய்க் கான்ஃபிகரேஷனுக்குக் கீழே கிளைக் கான்ஃபிகரேஷனாக வைத்து, அதன் பார்ட் நம்பரையே ஏற்கும்படி இணைத்துவிடுவது இன்னும் நல்ல வழி.

இந்தச் சிந்தனை எதுவும் புதிதல்ல. வரைபலகைக் காலத்திலேயே, ஒரு பாகத்தை ஒருமுறை மட்டும் வரைந்து, மாறும் அளவுகளுக்கு எழுத்துக் குறியிட்டு, ஓரத்தில் அட்டவணையில் எண்களை எழுதும் வழக்கம் இருந்தது. 1988-இல் வந்த புரோ/இன்ஜினியர் மென்பொருளின் ஃபேமிலி டேபிள் அந்த அட்டவணையை மாடலுக்குள் கொண்டுவந்தது. ஒரு பொது மாடலும் அதிலிருந்து பிறக்கும் உறுப்பு மாடல்களும் என்ற அமைப்பு அதனுடையது. 1995-இல் சாலிட்வொர்க்ஸ் விண்டோஸ் கணினிகளுக்கென்றே வந்தபின், எக்செல் தெரிந்த எவரும் அதே வேலையைச் செய்ய முடிந்தது. ஆட்டோடெஸ்க் இன்வென்டர் மென்பொருளின் ஐபார்ட் வசதி வேறு வழியில் சென்றது: டேபிள் ஒரு தாய்க் கோப்பில் இருக்கும், ஒவ்வோர் உறுப்பும் தனிக் கோப்பாகவே உருவாகும். கோப்புகள் பெருகுகின்றன என்று பலர் இதைக் குறை சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு ரகத்துக்கும் தனிக் கோப்பும் தனி வரலாறும் தானாகவே கிடைத்துவிடுகின்றன என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. 2022 பதிப்பில் இன்வென்டரும் மாடல் ஸ்டேட் என்ற பெயரில் ஒரே கோப்பு முறையைச் சேர்த்துக்கொண்டது. அங்கேயும் இப்போது இதே கேள்வியைக் கேட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வரிசை வரிசையாக எழுதும் டேபிளுக்கு ஓர் எல்லை உண்டு. அசெம்பிளி நிலையில் ஆறு குதிரைத்திறன்கள், ஐந்து ஸ்டேஜ் எண்ணிக்கைகள், சிங்கிள் ஃபேஸ் அல்லது த்ரீ ஃபேஸ், மூன்று வகைப் பொருள்கள், இரண்டு வாய் அளவுகள் என்று வைத்தால் பெருக்குத்தொகை 360 ஆகிறது. அவற்றில் பெரும்பகுதி உண்மையில் விற்பனைக்கே வராது. உயர்ந்த குதிரைத்திறனில் சிங்கிள் ஃபேஸ் மோட்டாரை யாரும் கேட்பதில்லை. ஆனால் டேபிளுக்கு அது தெரியாது. ஆன்ஷேப் என்ற இன்னொரு மென்பொருளில் ஒவ்வொரு விருப்பத்தையும் தனித்தனி உள்ளீடாக வைத்து, சேர்க்கையை வேண்டும்போது உருவாக்கிக்கொள்ளலாம்; எல்லாச் சேர்க்கைகளையும் வரிசையாக எழுத வேண்டியதில்லை. ஆயினும் எந்தச் சேர்க்கை செல்லும், எது செல்லாது என்ற விதியை எங்கேயாவது யாராவது எழுதித்தான் ஆக வேண்டும். எல்லா விருப்பங்களையும் ஒருசேர அடக்கிய பெரும் பொருள் பட்டியலை நூற்றைம்பது சதவீதப் பட்டியல் என்பார்கள். ஆர்டர் வந்ததும் விதிகளைக் கொண்டு அதை வடிகட்டி அந்த ஆர்டருக்குரிய பட்டியலைப் பெறுவது அதன் நோக்கம். இதன் முன்னோடி ஒன்று கணினித் துறையிலேயே இருக்கிறது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஜான் மெக்டெர்மாட் 1978-இல் எழுதிய ஆர்1 என்ற நிரலை, டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் எக்ஸ்கான் என்ற பெயரில் 1980 முதல் தன் வாக்ஸ் கணினி ஆர்டர்களின் உறுப்புகளைப் பொருத்தம் பார்த்துச் சேர்க்கப் பயன்படுத்தியது. விதிகள் ஆயிரக்கணக்கில் பெருகியபோது அவற்றைப் பராமரிப்பதே தனி வேலையாயிற்று. நடுத்தரப் பம்பு நிறுவனம் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. அசெம்பிளியின் டேபிளில் விற்கும் ரகங்களை மட்டும் எழுதி, புதிய சேர்க்கைக்கு ஆர்டர் உறுதியான பிறகே வரிசை சேர்ப்பது என்ற கட்டுப்பாடு போதும்.

ரகத்தைக் கூட்டுவதற்கு முன், அது வேண்டுமா என்று கேட்பதும் இந்த வேலையின் ஒரு பகுதி. பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் சார்ல் ரெனார் 1870-களில், பலூன்களுக்குப் பயன்பட்ட 425 வகைக் கயிறுகளை 17 ஆகக் குறைத்தார் என்பது தரநிர்ணய வரலாற்றில் எல்லோரும் எடுத்துச் சொல்லும் செய்தி. ஒவ்வோர் அளவும் முந்தையதைப்போல ஒரே விகிதத்தில் வளரும்படி அமைத்த அவருடைய தொடர்கள்தான் இன்று ஐ.எஸ்.ஓ. 3 என்னும் தரநிர்ணயம்: 10, 16, 25, 40, 63, 100. நாம் பயன்படுத்தும் மோட்டார் ஃபிரேம்களின் 80, 90, 100, 112 என்ற எண்கள், தரையிலிருந்து ஷாஃப்ட் மையத்தின் உயரத்தை மி.மீ.யில் குறிப்பவை, அவையும் இத்தகைய தொடரைத் தழுவியவையே. இம்பெல்லரின் வெளிவிட்டத்தைக் கடைந்து குறைப்பதை எடுத்துக்கொண்டால், ஏற்றும் உயரம் ஏறக்குறைய விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். விட்டத்தை 5 சதவீதம் குறைத்தால் உயரம் சுமார் 10 சதவீதம் குறையும். ஒவ்வொரு வாடிக்கையாளரின் உயரத்துக்கும் ஒரு விட்டம் என்று கடைந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கான்ஃபிகரேஷன் வைத்தால் கோப்பு முடிவில்லாமல் வளரும். மூன்று அல்லது நான்கு விட்டங்களை நிலையாக வைத்துக்கொண்டு, இடைப்பட்ட தேவைகளை அவற்றில் அடக்குவதே சரி. எப்போதாவது வரும் தனித்த விட்டத்தை டிராயிங்கின் அட்டவணையில் ஒரு வரியாக எழுதினால் போதும், மாடல் தேவையில்லை.

டேபிளை வெளியிடுவதற்கு முன் ஒவ்வொரு கான்ஃபிகரேஷனையும் ஒருமுறை செயலுக்குக் கொண்டுவந்து ரீபில்ட் செய்ய, அதாவது மென்பொருள் அதன் வடிவத்தை மறுபடி கணக்கிடச் செய்ய, வேண்டும். திறக்கப்படாத கான்ஃபிகரேஷனின் பிழை, யாராவது அதைத் திறக்கும் வரை வெளியே வருவதில்லை. சேமிக்கும் ஒவ்வொரு முறையும் ரீபில்ட் ஆகும்படி எல்லாவற்றுக்கும் குறி போட்டு வைத்தால் கோப்பு பெருத்து, சேமிக்கும் நேரமும் கூடும் என்பதால், அடிக்கடி அசெம்பிளியில் அழைக்கப்படுபவற்றுக்கு மட்டும் அதைப் போடுகிறேன். பிறகு எடையை ஒவ்வொரு கான்ஃபிகரேஷனின் பண்பாகவும் இணைத்து, ஸ்டேஜ் வரிசைப்படி ஒரு தாளில் எடுத்துப் பார்க்கிறேன். 25 மி.மீ. விட்டமுள்ள துருப்பிடிக்காத எஃகு ஷாஃப்டில் 96 மி.மீ. நீளத்தின் எடை சுமார் 365 கிராம். கீவேயைக் கழித்தபின் அது எந்த எண்ணாக வந்தாலும், ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் அதே எண்தான் கூட வேண்டும். அடுத்தடுத்த இரண்டு வரிசைகளுக்கு இடையே அந்த வேறுபாடு மாறினால், அங்கே ஒரு ஃபீச்சர் அடங்கியிருக்கிறது, அல்லது ஓர் அளவு ஒரு கான்ஃபிகரேஷனுக்கு மட்டும் மாற்றப்பட்டிருக்கிறது. டிராயிங் மெஷின் ஷாப்புக்குப் போகும் முன்பே, எந்த வரிசையில் தேட வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது.